பல்கலைக் கழகமும் பொதுக் காரியமும்

கற்றவர் நாட்டு நடப்பில் தலையிடலாமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் இளஞ்சிறாரை யானைக் காலில் இடத் துணிந்தபோது, இடைபுகுந்து அச்சிறார்க்காகப் பரிந்து பேசியவர் கோவூர்கிழார். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் நெறியை எடுத்துரைத்தவர் பிசிராந்தையார். இருவரும் படைத்தலைவர் அல்லர், அமைச்சரும் அல்லர். கல்வி ஒன்றே அவர்க்குரிய தகுதி. புறநானூற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர் நாம் இச்செய்திகளை மாணவர்க்குப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால், அதே பணியை நம் காலத்துப் பல்கலைக் கழக ஆசிரியர் ஒருவர் செய்தால், "பாடம் நடத்துவதை விட்டு இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கவும் நாம் தயங்குவதில்லை.

இந்த முரண்பாட்டை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டு ஆராய்வது நலம். கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் நடுவாகக் கொண்டு, கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் பொதுக் காரியத்தில் எவ்வாறு ஈடுபட்டனர், அதனால் விளைந்தது என்ன, அவர்கள் கொடுத்த விலை என்ன என்பவற்றைக் காண்போம். இவ்வரலாறு தோட்டப்புறத்துக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் புறம்பானதன்று என்பது போகப் போக விளங்கும்.

கேளாமல் எழுதிய அறிக்கையும் கேட்டு எழுதிய அறிக்கையும்

நம் பள்ளிகளின் தலைவிதியைப் பற்றி ஒரு பல்கலைக் கழக அறிஞர் எழுதிய முதற் பெரும் அறிக்கை 1951இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, மலாய்க் கல்வியை ஆராய்வதற்கென ஆங்கில அரசு அமைத்த குழுவுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எல். ஜே. பார்ன்ஸ் தலைமை தாங்கினார். குழுவில் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் இருந்தனர். சீனரோ இந்தியரோ ஒருவர்கூட இல்லை. ஆயினும், அறிக்கை மலாய்ப் பள்ளிகளோடு நிற்கவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அனைத்தும் படிப்படியாக மறைந்து, மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளே நிலவ வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

பார்ன்ஸ் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று கூறுதல் அறமாகாது. பல இனக் குழந்தைகள் ஒரே கூரையின்கீழ்ப் படித்தால் ஒரே நாட்டு மக்களாக வளர்வர் என்பது அவர் கருத்து. இன்றும் பலர் நேர்மையாகவே கொண்டுள்ள கருத்து அது. குறை கருத்தில் இல்லை, முறையில் இருந்தது. எவருடைய பள்ளி மூடப்பட வேண்டும் என்று எழுதப்பட்டதோ, அவரைக் குழுவில் அமர்த்திக் கேட்கவில்லை.

அதே 1951இல் சீனப் பள்ளிகளை ஆராய இரு அறிஞர்கள் வந்தனர். ஒருவர் வில்லியம் ஃபென். மற்றவர் வூ தே-யாவ். அரசியலறிவியல் கற்றவர், பின்னாளில் சிங்கப்பூரில் அத்துறைப் பேராசிரியராகவும் விளங்கியவர். அவ்விருவரும் பள்ளி பள்ளியாகச் சென்றனர்; பெற்றோரையும் ஆசிரியரையும் கண்டு பேசினர். சீனப் பள்ளி வேண்டாம் என்று சீனரே முடிவு செய்யும் நாள்வரை அப்பள்ளிகளை அகற்ற இயலாது என்பது அவர்கள் எட்டிய முடிவின் சாரம். தமிழ்ப் பள்ளிகளுக்காக இந்தியச் சமூகத்தினர் தாமே வாதாட வேண்டியதாயிற்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டுக் கல்வி அமைப்பின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்ட பின்னரே நாம் சற்று மூச்சுவிட்டோம்.

இந்த வாதம் அன்றோடு முடிந்துவிடவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரிலும் மேல் முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும் அப்பள்ளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது. 1951இல் ஓர் அறிஞர் எழுதிய சில பக்கங்களின் எதிரொலி எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்தில் கேட்டது. அறிஞர் எழுத்து ஏட்டோடு கிடக்கும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

பல்கலைக் கழகத்தில் நம் காசு

மலாயாப் பல்கலைக் கழகம் 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. தோன்றி ஐந்தாண்டு நிறைவதற்குள் அது பொதுவாழ்வின் சூட்டை உணர்ந்தது. பல்கலைக் கழகச் சமதர்மக் கழகத்து மாணவர் நடத்திய 'ஃபஜார்' என்ற ஏடு, 1954 மே மாதம் ஆசியாவில் வல்லரசுகளின் தலையீட்டைக் கண்டித்துத் தலையங்கம் தீட்டியது. எட்டு மாணவர்கள் மீது அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்குத் துணை நின்றவர் அந்நாளில் இளம் வழக்கறிஞராயிருந்த லீ குவான் யூ. அவ்வாண்டு ஆகஸ்டில் எண்மரும் விடுதலை பெற்றனர். அவர்களுள் ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. ராஜகுமார், பி. அருட்சோதி ஆகியோரும் இருந்தனர் என்பது நம்மவர் அறியத்தக்கது. ராஜகுமார் பின்னர்க் கோலாலம்பூரில் மருத்துவராக வாழ்ந்து பொதுப்பணி ஆற்றினார்.

அதே காலத்தில் மற்றோர் இயக்கமும் எழுந்தது. பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் வடமொழிக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற வாதம் மூண்டது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டினார். எழுத்தறியாத் தொழிலாளரும் தம் கூலியில் மிச்சம் பிடித்து அந்நிதிக்கு ஈந்தனர். அப்பணம் தமிழ் நூலகத்துக்குப் பயன்பட்டது. தமிழும் துறையில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. 1961இல் தனிநாயக அடிகள் துறைத்தலைவராக வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். பல்கலைக் கழகம் பொதுக் காரியத்தில் தலையிடுவதற்கு முன்னரே, பொதுமக்கள் பல்கலைக் கழகக் காரியத்தில் தலையிட்டனர். அவ்வாறு தலையிட்டது தவறு என்று நம்மில் எவரும் சொல்லோம். பால்வெட்டுத் தொழிலாளியின் காசைப் பெற்ற கலைக்கூடம், அத்தொழிலாளியின் வாழ்வைப் பற்றி வாய் திறக்கலாகாது என்பது எவ்வாறு முறையாகும்?

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

வாய் திறந்தவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பொருளியற் பேராசிரியர் உங்கு அப்துல் அஜிஸ். நாடு விடுதலை பெறும் காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கிய வணிகர் அத்தோட்டங்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்றனர். ஆயிரம் ஏக்கர் தோட்டம் பத்து ஏக்கரும் இருபது ஏக்கருமாகப் பிரிந்தால், லயன் வீடு யாருடையது? மருந்தகத்தை நடத்துபவர் யார்? பள்ளிக்கூடம் நிற்கும் நிலம் எவர் பங்கில் விழும்? இவ்வினாக்களுக்கு விடையின்றித் தோட்டப்புறத் தமிழர் தெருவுக்கு வந்தனர்.

1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் பல பகுதிகள் கொண்ட அறிக்கையாக வெளியிட்டார். அவர் தமிழரல்லர், தோட்டத்தில் பிறந்தவரும் அல்லர், ஜொகூர் அரச குடும்பத்து உறவினர். ஆயினும், துண்டாடலால் தொழிலாளர் வாழ்வும் நாட்டின் உற்பத்தியும் கெடுவதைப் புள்ளிவிவரங்களோடு நிறுவினார். தொழிற்சங்கத்தார் மேடையில் முழங்கிய செய்தி அதன்பின் வெறும் முறையீடாக நிற்கவில்லை. மறுக்க வேண்டுவோர் கணக்கைக் கொண்டே மறுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

அறிக்கையை நம்பி மட்டும் சமூகம் கைகட்டி நிற்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்றவரான அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோறும் சென்று பங்கு சேர்த்தார். தொழிலாளர் தவணை தவணையாகச் செலுத்திய பணத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பெருந்தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க அரசின் இசைவு வேண்டும் என்ற விதியும் பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. எனினும், அதற்குள் போன தோட்டங்கள் போனவையே. அறிஞர் சொல் காலத்தில் செவியேறாவிட்டால் நேரும் இழப்புக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

உங்கு அஜிஸின் மற்றொரு முறையையும் குறிப்பிட வேண்டும். ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்க, அவ்வீட்டில் எத்தனை கைலிகள் உள்ளன, எத்தனை பேர் உள்ளனர் என்று அவர் எண்ணினார். வருமானத்தைக் கேட்டால் ஏழை கூட்டியும் குறைத்தும் சொல்வான். கொடியில் காயும் கைலி பொய் சொல்லாது. அவர் 1959இல் ஹஜ் பயணிகளின் சேமிப்புக்காக எழுதிய திட்டமே பின்னர்த் 'தாபோங் ஹாஜி' என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. ஆராய்ச்சி நாட்டுக்குப் பயன்படும் வழி இதுவாகும்.

அக்காலத்து வேறு அறிஞரும் நினைக்கத்தக்கவர். சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்தில் அரசியலறிவியல் கற்பித்த கே. ஜே. இரத்தினம், குடியுரிமை, மொழி, சிறப்புரிமை ஆகியவற்றைச் சுற்றி மலாயாவின் இன அரசியல் எவ்வாறு உருவாயிற்று என்பதை 1965இல் ஒரு நூலாக வரைந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினம், மலேசிய சிங்கப்பூர் இந்தியரின் வரலாற்றை 1970இல் வெளியிட்டார். இவர்கள் மேடையேறியவர் அல்லர். ஆயினும், மேடையில் பேசுவோர்க்கு உண்மையை வழங்கியவர் இவர்களே.

சட்டம் வந்தது

1969 மே 13 நிகழ்ச்சிகளுக்குப் பின் நாட்டின் காற்றே மாறியது. 1971இல் பல்கலைக் கழகங்கள், பல்கலைக் கழகக் கல்லூரிகள் சட்டம் நிறைவேறியது. மூன்றாண்டு கழித்து அச்சட்டத்தை மேலும் கடுமையாக்கிய நிகழ்ச்சி, நம் அனைவர்க்கும் சோறு போட்ட ரப்பரால் விளைந்தது.

1974இன் இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறியிருந்தது. கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்தில் சிறுதோட்டக்கார மலாய் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி முறையிட்டனர். அவர்களுக்குப் பரிந்து டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூர் மாணவர் நகர நடுவிலுள்ள திடலில் திரண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். சில நாளில் மலாயாப் பல்கலைக் கழகச் சமூகவியல் ஆசிரியர் சையத் உசேன் அலி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார். மலாய்க் கிராமத்து வறுமையை நேரிற் கண்டு ஆராய்ந்தவர் அவர். விசாரணையின்றி ஆறாண்டுக் காலம் சிறைவாசம்; 1980இல்தான் விடுதலை.

1975இல் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர் எக்கட்சியிலும் சேரலாகாது, எக்கட்சியையும் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துக் கூறலாகாது என்ற தடைகள் இறுகின. ஆசிரியர்க்கும் கட்டுப்பாடு பின்னர் வலுத்தது. 2000ஆம் ஆண்டின் சட்டப்பூர்வ அமைப்புகள் ஒழுங்குச் சட்டமும், 2002இல் வந்த 'அக்கு ஜஞ்ஜி' உறுதிமொழியும் விரிவுரையாளரைப் பொது ஊழியர்க்குரிய விதிகளுக்குள் கொண்டுவந்தன.

அரசின் வாதத்தையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். மாணவர் படிக்க வந்தவர். கட்சிப் பூசல் வளாகத்துக்குள் நுழைந்தால் படிப்புக் கெடும். பல இன நாட்டில் ஒரு சொல் தீப்பொறியாகலாம் என்றனர். 1969ஐக் கண்டவர் இதனை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆனால், பாலிங்கில் பசித்தவர் பசி ஒரு விரிவுரையாளர் பேசியதால் வந்ததன்று. விலை வீழ்ந்ததால் வந்தது. அவர் வாயை அடைத்ததால் ரப்பர் விலை ஏறிவிடவும் இல்லை.

கிள்ளானின் மறந்த கதை

1970இல் தோன்றிய மலேசியத் தேசியப் பல்கலைக் கழகம், மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட முதற் பல்கலைக் கழகமாகும். கோலாலம்பூரில் தொடங்கிப் பின்னர்ப் பாங்கிக்கு இடம் பெயர்ந்தது. அதன் அரசியலறிவியல் துறையில் 1981 முதல் கற்பித்தவர் பேராசிரியர் பி. இராமசாமி. தமிழர் ஒருவர், மலாய்மொழியில், பெரும்பாலும் மலாய் மாணவர்க்கு அரசியல் கற்பித்துக்கொண்டே, தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைத் தம் ஆராய்ச்சிப் பொருளாக மேற்கொண்டார். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், முதலாளி, அரசு ஆகிய நான்கின் உறவை ஆராயும் அவருடைய நூலை ஆக்ஸ்போர்டு பதிப்பகம் 1994இல் வெளியிட்டது.

அவரும் வேறு ஆய்வாளர் சிலரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த செய்திகளுள் ஒன்று 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். போருக்கு முந்திய அவ்வாண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் ஆர். எச். நாதன் என்பவர் தலைமையில் ஒன்று சேர்ந்தனர். அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளிக்குரிய கூலி தமக்கும் வேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்டிர்க்கு இழைக்கும் கொடுமை நிற்க வேண்டும் என்றனர். துரையோ பெரிய கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று.

நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கிளர்ச்சி பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். 1941 மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். அதன்பின் வந்த பெருந்துன்பங்களில் கிள்ளான் கதை மங்கிப் போயிற்று.

தோட்டத் தமிழன் தலைகுனிந்தே வாழ்ந்தான், கொடுத்ததை வாங்கிக்கொண்டான் என்ற எண்ணம் நம்மவர் பலர் உள்ளத்தில் ஊறிக்கிடக்கிறது. 1941இல் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவன் அவன். தன் பிள்ளைக்குப் பள்ளி கேட்டவனும் அவனே. இதனை நமக்கு மீட்டுத் தந்தவர் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து பழைய தாள்களைப் புரட்டிய ஆய்வாளரே. இத்தகைய ஆராய்ச்சி பொதுக் காரியமன்றி வேறென்ன?

இராமசாமி ஆராய்ச்சியோடு அமையவில்லை. செய்தித்தாளில் எழுதினார், கூட்டங்களில் பேசினார், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர்க்காக வாதாடினார். 2005இல் பல்கலைக் கழகம் அவருடைய ஒப்பந்தத்தை உரிய காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டது. அரசைக் குறைகூறியதே காரணம் என்று அவரும் அவரை ஆதரித்தோரும் கருதினர். அவருக்கு முன்னர் பினாங்கில் அரசியல் கற்பித்தவரும், 1977இல் 'அலிரான்' என்னும் சீர்திருத்த அமைப்பைத் தொடங்கியவருமான சந்திரா முசாபர், 1987இல் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் மலாயாப் பல்கலைக் கழகத்தில் அவர் வகித்த பதவி 1999இல் புதுப்பிக்கப்படவில்லை.

பத்துமலை அடிவாரத்தில்

இராமசாமி பல்கலைக் கழகத்தை விட்டு இரண்டாண்டு சென்றபின், ஆய்வேடுகளில் எழுதப்பட்டிருந்தவை தெருவில் எழுந்தன. 2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் இயக்கத்தார் கோலாலம்பூரில் பேரணி நடத்தினர். அதற்கு முந்திய இரவே மக்கள் பத்துமலைக் கோயில் வளாகத்தில் திரண்டனர். விடியுமுன் கதவுகள் அடைபட்டன. கண்ணீர்ப் புகையும் நீர்ப் பீச்சலும் பாய்ந்தன. தைப்பூசத்துக்குக் காவடி ஏந்தி நிற்கும் அதே இடத்தில் நம்மவர் அன்று கைதாகி நின்றனர். சிலர்மீது கொலைமுயற்சிக் குற்றமும் சாட்டப்பட்டுப் பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அப்பேரணியைப் பற்றிய கருத்து அவரவர்க்கு வேறுபடலாம். நாம் கூறவருவது பிறிது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியதும், வெளியேறியோர் வேலையும் வீடுமின்றி நகரோரத்தில் ஒதுங்கியதும், கோயிலும் பள்ளியும் நிலமிழந்து நின்றதும் அன்று திடீரென வெளிப்பட்ட மறைபொருள் அல்ல. பத்தும் இருபதும் ஆண்டுகளுக்கு முன்னரே நம் பல்கலைக் கழக ஆசிரியர்கள் அவற்றை எழுதி வைத்தனர். தமிழ்ப் பள்ளியின் குறைபாட்டையும் தோட்டப் பிள்ளையின் பின்னடைவையும் மலாயாப் பல்கலைக் கழகக் கல்வித்துறைப் பேராசிரியர் டி. மாரிமுத்து போன்றோர் ஆராய்ந்து கூறினர். எழுதியதைப் படித்துச் செயற்பட்டிருந்தால் நூலோடு முடிந்திருக்கக்கூடிய ஒன்று, படிக்காமல் விட்டதால் கோயில் வாசலுக்கு வந்தது.

2008 பொதுத் தேர்தலில் இராமசாமி பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியிலும் பிறைச் சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, பினாங்கு மாநிலத்தின் துணை முதலமைச்சரானார். 2023வரை அப்பதவி வகித்தார். பேராசிரியர் கட்சிக்காரரானதும் அவர் சொல்லுக்குரிய எடைக்கல் மாறிவிடுகிறது. முன்பு அவர் கூற்றைச் சான்று கொண்டு அளந்தோம். பின்பு வாக்காளர் செயல் கொண்டு அளக்கின்றனர். 1968இல் கெராக்கான் கட்சியைத் தொடங்கியோருள் சையத் உசேன் அலாத்தாஸ், வாங் கங்வூ முதலிய பேராசிரியர்களும் இருந்தனர். அவ்வழி செல்வது இழிவன்று. ஆயின், பீடமும் வேட்பாளர் பட்டியலும் ஒன்றல்ல என்பதை அறிஞரும் மறவாதிருத்தல் வேண்டும். மக்களும் மறவாதிருத்தல் வேண்டும்.

நான்கு மாணவர் பெற்ற தீர்ப்பு

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. தோட்டத் தமிழர் பலர் வாக்காளராயிருந்த தொகுதி அது. தேசிய முன்னணியின் பி. கமலநாதன் அதில் வெற்றி பெற்றார். தேர்தற்களத்துக்குச் சென்ற தேசியப் பல்கலைக் கழக மாணவர் நால்வர்மீது, கட்சிப் பிரசாரத் தாள்கள் வைத்திருந்தனர் என்று ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிற்று. நால்வரும் அரசியலறிவியல் மாணவர்கள். தாவரவியல் மாணவன் செடியைத் தொடலாகாது என்பது போன்றது அத்தடை.

நால்வரும் நீதிமன்றம் ஏறினர். உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல் முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31ஆம் நாள், நீதிபதிகள் மூவரில் இருவர் கருத்துப்படி, மாணவர் கட்சிகளை ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துரைப்பதைத் தடுத்த சட்டப்பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்த்தது. பல்கலைக் கழகம் சிந்தனையாளரையும் சீர்திருத்தக்காரரையும் வளர்க்கும் இடமேயன்றி எந்திர மனிதரை ஆக்கும் இடமன்று என்ற பொருள்பட நீதிபதி ஹிஷாமுடின் முகமட் யூனுஸ் எழுதினார். 2012இல் சட்டம் திருத்தப்பட்டு மாணவர் கட்சிகளில் சேர வழி பிறந்தது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் இருந்த அரசியல் தடையையும் நாடாளுமன்றம் நீக்கியது.

ஆசிரியர்க்கு வந்த இடர் மாணவர்க்கு வந்த விடுதலையோடு மறையவில்லை. மலாயாப் பல்கலைக் கழகச் சட்ட ஆசிரியர் அஸ்மி ஷாரோம், பேராக் மாநிலத்தின் 2009 நெருக்கடியைப் பற்றிச் சட்டக் கருத்துரைத்தமைக்காக 2014இல் அரச நிந்தனைக் குற்றத்துக்கு உள்ளானார். 2016 பிப்ரவரியில் வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே அறிஞர் பின்னாளில் தேர்தல் ஆணையத்தின் துணைத்தலைவராக அமர்த்தப்பட்டார். ஒரு காலத்தில் குற்றமெனப்பட்ட அறிவு, மற்றொரு காலத்தில் நாட்டுக்கு வேண்டிய தகுதியாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு உணர்த்துவது என்ன? அறிஞர் பொதுக் காரியத்தில் ஈடுபடலாமா என்பது பொருந்தாத வினா. அவர் ஈடுபட்டே வருகிறார். பார்ன்ஸும் ஈடுபட்டார், உங்கு அஜிஸும் ஈடுபட்டார். எவ்வாறு ஈடுபட்டார் என்பதே கேட்கத்தக்க வினா. எவர் வாழ்வைப் பற்றி எழுதுகிறாரோ அவரைக் கேட்டாரா? சொன்னதற்குச் சான்று வைத்தாரா? மறுப்போர்க்கு விடையிறுக்க ஆயத்தமாயிருந்தாரா? இவற்றுக்கு 'ஆம்' எனும் விடை கிடைக்குமாயின், அவர் சொல் ஆட்சியாளர்க்குக் கசந்தாலும், நமக்கே கசந்தாலும், அதனைக் காத்தல் நாட்டின் கடன். சான்று இல்லையாயின் பேராசிரியர் பட்டம் மட்டும் அவரைக் காக்காது, காக்கவும் வேண்டா.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. மறைந்த பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் என்னவாயின? அவற்றில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. பால்வெட்டு, பால்வெட்டு என்று பக்கம் பக்கமாக நிரம்பிய அக்கட்டத்தில், ஏதோ ஓர் ஆண்டு முதல் லாரி ஓட்டுநர், பாதுகாவலர், தொழிற்சாலை ஊழியர் என்று எழுத்து மாறும். ஒரு தோட்டம் கரைந்த கதை அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருக்கிறது. எந்தப் பல்கலைக் கழகத்து ஆய்வாளரும் தானே உண்டாக்க முடியாத சான்று அது. கரையானுக்கும் மழை ஒழுக்குக்கும் அதனை விட்டுவிட்டு, நம்மைப் பற்றி எழுதுவார் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

அரசு ஊழியராகிய ஆசிரியர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். மேடையேறுதல் நம் பணியன்று. ஆனால், பதிவேட்டைப் பாதுகாப்பதையும், மூத்த தொழிலாளி சொல்லும் செய்தியை நாளும் ஊரும் குறித்து எழுதி வைப்பதையும், கேட்டு வரும் ஆய்வு மாணவர்க்கு அலமாரியைத் திறந்து காட்டுவதையும் எந்த விதியும் தடுக்கவில்லை. மூடப்படவிருக்கும் பள்ளியோ இடம் மாறவிருக்கும் பள்ளியோ உங்கள் வட்டாரத்தில் இருப்பின், மேசை நாற்காலிகளை ஏற்றுவதற்கு முன் பழைய பதிவேடுகளை முதலில் எடுத்து வையுங்கள்.